"ஒரு விரலால தொட்டுக் காட்டு": விளையாடும் பிள்ளைகளின் கால் வலியும் சாப்பாடும்

சாயங்காலப் பயிற்சியில் மட்டையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "சார், கால் வலிக்கு" என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் நான் சொல்வது ஒன்றுதான்: "ஒரு விரலால தொட்டுக் காட்டு." ஒரு பையன் ஆள்காட்டி விரலை முழங்காலுக்குக் கீழே புடைத்திருக்கும் மேட்டின் மேல் குறி பார்த்து வைப்பான். இன்னொருத்தி உள்ளங்கையை விரித்துத் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் தடவி, "இங்கன எல்லாம் சார்" என்பாள். இரண்டு பேருக்கும் கால் வலிதான். ஆனால் இரண்டும் வேறு வேறு சங்கதி.

கோவில்பட்டிப் பக்கம் ஹாக்கி பழக்கும் பி.டி. வாத்தியார் நான். இந்த வேலைக்கு வந்த புதிதில் எனக்கும் விரல், உள்ளங்கை வித்தியாசம் தெரியாது. "வளருற வயசு, வலிக்கத்தான் செய்யும்" என்பேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் குதிகால் வலிக்கிறது என்றான். சாக்குச் சொல்கிறான் என்று நினைத்து மைதானத்தை நான்கு சுற்று ஓடவிட்டேன். குதிகாலைத் தரையில் படவிடாமல், முன்பாதத்தை மட்டும் ஊன்றி அவன் நான்கு சுற்றும் ஓடி முடித்தான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், ஆனால் எனக்கு உறைக்கவில்லை. மூன்று வாரத்தில் பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகுதான் எலும்பு மருத்துவர்களிடமும் பிசியோதெரபிஸ்டுகளிடமும் கேட்டுக் கேட்டுப் படித்தேன். கீழே இருப்பது அப்படிச் சேர்த்தது. நான் டாக்டர் இல்லை. எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்கிறேன், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் படி: இது வளர்ச்சி வலிதானா என்று பாருங்கள்

"வளர்ச்சி வலி" என்ற பெயருக்கு 200 வயது. 1823-இல் மார்செல் துஷாம் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதி வைத்தது. பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் பெயரில் இருக்கும் காரணம் மட்டும் இன்றுவரை நிரூபணமாகவில்லை. பிள்ளை கிடுகிடுவென உயரும் காலத்தில் இந்த வலி கூடுவதில்லை. 3 முதல் 12 வயது வரை, அதாவது பெரிய வளர்ச்சிப் பாய்ச்சலுக்கு முன்னால்தான் அதிகம் வருகிறது. எலும்பு இழுபடுவதால் வலிக்கிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் சரியில்லை, வாயு என்று உருளைக்கிழங்கையும் பருப்பையும் நிறுத்துவதும் சரியில்லை. பகலில் அதிகம் ஓடி ஆடிய நாள்களில் ராத்திரி வலி கூடுகிறது என்று பல பெற்றோர் கவனித்திருப்பீர்கள். தசை அசதிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பது இப்போது சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

அசல் வளர்ச்சி வலிக்கு ஒரு ஜாடை உண்டு. இரண்டு காலிலும் வரும், அல்லது ஒரு நாள் இந்தக் கால், மறுநாள் அந்தக் கால் என்று மாறி மாறி வரும். தொடை, கெண்டைக்கால், முழங்காலின் பின்பக்கம் என்று சதையில்தான் இருக்கும், மூட்டுக்குள் இருக்காது. அந்தி சாய்ந்த பிறகோ தூக்கத்திலோ வரும். தினமும் வராது, இடையில் பல நாள், பல வாரம்கூட இல்லாமல் இருக்கும். பிடித்துவிட்டால் சுகமாக இருக்கும். முக்கியமானது இது: காலையில் எழுந்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடுவான். நொண்ட மாட்டான், வீக்கம் இருக்காது, காய்ச்சல் இருக்காது.

இதில் ஒன்று இடித்தாலும் அதை வளர்ச்சி வலி என்று சொல்லிக் கடந்துபோகக் கூடாது. பயிற்சி நேரத்திலேயே வலிக்கிறது, ஒரே இடத்தில் வலிக்கிறது என்று 13 வயதுப் பிள்ளை சொன்னால், பெரும்பாலும் அது இந்தக் கணக்கில் வராது.

இன்னொரு வகையும் உண்டு. படுத்ததும் "கால் உளையுது, ஆட்டணும் போல இருக்கு" என்று பிள்ளை காலை உதைத்துக்கொண்டே இருக்கும், எழுந்து நடந்தால் சரியாகும். இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வரக்கூடியது இது. வலி, உளைச்சல் என்று நம் பிள்ளைகள் இரண்டு வார்த்தை வைத்திருக்கிறார்கள். எதைச் சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள், டாக்டரிடமும் அதே வார்த்தையில் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: விரல் வைத்த இடத்தைப் படியுங்கள்

வளரும் பிள்ளையின் எலும்பு முழுக்க எலும்பு இல்லை. தசைநார் வந்து ஒட்டும் இடங்களில் குருத்தெலும்பு இன்னும் இறுகாமல் இருக்கும். ஈரம் காயாத சிமெண்டில் கொக்கியைப் பதித்து, அதில் கயிறு கட்டி ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை இழுத்தால் என்ன ஆகும்? ஓடும்போதும் குதிக்கும்போதும் அந்த இடத்துக்கு ஆவது அதுதான். பெரியவர்களுக்கு நார் அறுந்து போகக்கூடிய இடத்தில், பிள்ளைகளுக்குக் கொக்கி பதிந்த இடம் புண்ணாகிறது.

குதிகாலின் பின்பக்கத்தில் விரல் வைத்தால், குறிப்பாக 8 முதல் 14 வயதுக்குள், நினைவுக்கு வர வேண்டியது செவர் நோய். 1912-இல் இதை விவரித்த மருத்துவரின் பெயர் அது. நோய் என்று பெயரே தவிரப் பயப்பட ஒன்றுமில்லை. குதிகாலை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்தினால் பிள்ளை வெடுக்கென்று காலை இழுத்துக்கொள்ளும். கட்டாந்தரையில் வெறுங்காலோடு ஓடுவது, குதிப் பக்கம் தேய்ந்த பழைய கேன்வாஸ் ஷூ, விடுமுறை முடிந்ததும் திடீரென்று தொடங்கும் கேம்ப், இந்த மூன்றும் சேர்ந்தால் நிச்சயம் இரண்டு பிள்ளைகளாவது வந்து நிற்பார்கள். என் ஏழாம் வகுப்புப் பையனுக்கு இருந்ததும் இதுதான். ஓட்டத்தையும் தாண்டுவதையும் குறைத்து, ஷூவுக்குள் மெத்தென்ற குதித்திண்டு வைத்து, கெண்டைக்கால் சதையை மெல்ல இழுத்துவிடும் பயிற்சி கொடுத்தால் சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் அடங்கிவிடும்.

முழங்காலுக்குக் கீழே உள்ள மேட்டில் என்றால் ஆஸ்குட்-ஷ்லாட்டர். 1903-இல் பாஸ்டனில் ஆஸ்குடும் சூரிக்கில் ஷ்லாட்டரும் தனித்தனியாகக் கண்டு சொன்னது. பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்னாடியும், ஆண் பிள்ளைகளுக்கு 12 முதல் 15 வயதிலும் வரும். ஹாக்கியில் முழங்காலை மடித்துக் குனிந்தே விளையாடுவதால் எனக்கு இது தினசரிப் பழக்கம். வாலிபால், கபடி, பாட்மிண்டன் பிள்ளைகளுக்கும் சகஜம். மண்டியிட்டால் உயிர் போகும். மேடு புடைத்துக்கொள்ளும், வலி போன பிறகும் அந்தப் புடைப்பு ஆயுசுக்கும் இருக்கலாம், அதனால் கெடுதல் இல்லை. ஒரு வருடம், இரண்டு வருடம்கூட வருவதும் போவதுமாக இழுக்கும் என்பதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். இல்லையென்றால் மாதம் ஒரு வைத்தியரிடம் அலைவார்கள். இதற்குக் கொஞ்சம் மேலே, முழங்கால் சில்லின் கீழ்நுனியில் வலித்தால் அது இதன் தம்பி, பராமரிப்பும் ஏறக்குறைய ஒன்றே.

இடுப்பிலும் கீழ்முதுகிலும் விரல் போனால் நான் விளையாட்டை நிறுத்திவிடுவேன். கிரிக்கெட்டில் வேகப்பந்து போடும் பையன், ஹாக்கியில் பந்தை மட்டையோடு இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் அடிக்கும் பெண், இவர்கள் பின்னால் வளையும்போது கீழ்முதுகு வலிக்கிறது என்றால் முதுகெலும்பில் மெல்லிய விரிசல் இருக்கக்கூடும். ஒத்தடம் கொடுத்துப் பார்க்கலாம் என்று இரண்டு மூன்று வாரம் ஓட்டாதீர்கள்.

தொடைக்கிடையிலோ இடுப்பிலோ வலியோடு நொண்டும் பிள்ளை, அதுவும் 10 வயதைத் தாண்டிய, கொஞ்சம் கனமான உடம்புள்ள பிள்ளை, இன்னும் அவசரம். தொடையெலும்பின் தலைப்பகுதி, எலும்பு நீளும் இடமான வளர்ச்சித்தட்டில் நழுவும் ஒரு கோளாறு உண்டு. இதில் ஏமாற்று வேலை என்னவென்றால், கோளாறு இடுப்பில் இருக்கும், பிள்ளை கையை முழங்காலில் வைக்கும். பாதம் வெளிப்பக்கம் திரும்பியபடி நொண்டினால் நடக்கவிடாமல், தூக்கிக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்றாம் படி: எப்போது பொறுக்கக் கூடாது

ஒரே காலில், ஒரே எலும்பில் ராத்திரி வலி வந்து, அது வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போவது. காலையிலும் நொண்டுவது. மூட்டு வீங்கிச் சூடாக இருப்பது. காய்ச்சல், எடை குறைதல், வெளிறிப்போதல், காரணமில்லாமல் உடம்பில் கன்றிப்போன நீலத் திட்டுகள். அடிபட்ட பிறகு கால் ஊன்ற முடியாதது. காலையில் எழுந்ததும் மூட்டு விறைத்து, அரைமணி நேரம் கழித்துத்தான் இளகுவது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் எண்ணெய், வசம்பு, மந்திரிப்பு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றுதான் வரும். ஆனால் ரத்தப் புற்றும் எலும்புக் கட்டியும் முதலில் "கால் வலி" என்ற வேஷத்தில்தான் வீட்டுக்குள் வருகின்றன.

நான்காம் படி: வலிக்கிற ராத்திரி

ஜாடை பொருந்துகிறது, வளர்ச்சி வலிதான் என்று தெரிந்தால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுங்கள். வெதுவெதுப்பான நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ உங்கள் வீட்டு வழக்கப்படி. எண்ணெயில் மருந்து இருக்கிறதோ இல்லையோ, தேய்க்கும் கையில் இருக்கிறது. வெந்நீரில் துணியைப் பிழிந்து ஒத்தடம் கொடுக்கலாம். தூங்கப் போவதற்கு முன் தொடை, கெண்டைக்கால் சதைகளை மெதுவாக இழுத்துவிடும் பயிற்சி சில பிள்ளைகளுக்கு நன்றாகவே கேட்கிறது.

தாங்காத ராத்திரிக்குப் பாராசிட்டமால், பிள்ளையின் எடைக்கு டாக்டர் சொன்ன அளவில். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகாது, ஈரலையும் மூளையையும் தாக்கும் ஓர் அபூர்வ ஆபத்து அதில் உண்டு. மேட்ச்சுக்கு முன்னால் வலி மாத்திரையைப் போட்டு இறக்கும் வழக்கத்தை நான் பல மைதானங்களில் பார்த்திருக்கிறேன். வலி சொல்லும் சேதியை அடக்கிவிட்டுக் கொக்கியை இன்னும் பலமாக இழுக்கிற வேலை அது.

விரல் வைத்துக் காட்டும் வலிகளுக்கு வெந்நீர் வேண்டாம். விளையாடி முடித்ததும் துணியில் சுற்றிய ஐஸ், பத்து பதினைந்து நிமிடம்.

ஐந்தாம் படி: சுவரில் கோடு

எங்கள் சாமான் அறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் நிறைய இருக்கும். மாதம் ஒரு தடவை, காலையில், ஷூ இல்லாமல் ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் குறிப்போம். பெண் பிள்ளைகள் சராசரியாக 12 வயதை ஒட்டியும், பையன்கள் 14 வயதை ஒட்டியும் மிக வேகமாக உயர்கிறார்கள். அந்த ஒரு வருடத்தில் பெண்கள் 8 செ.மீ. வரையும், பையன்கள் 9, 10 செ.மீ. வரையும் கூடுவதுண்டு. ஒருவன் இரண்டு மூன்று மாதமாக மாதத்துக்கு முக்கால் செ.மீ. ஏறுகிறான் என்றால் அந்தக் காலத்தில் நான் அவனுக்கு ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து, பந்தடக்கம், பாஸிங், வலுப்பயிற்சி என்று மாற்றிவிடுவேன். நேற்றுவரை லாவகமாக டிரிப்ளிங் செய்தவன் திடீரென்று தன் காலே தடுக்கி விழுவதும் இந்தக் காலத்தில்தான். அவனைத் திட்டாதீர்கள், காலின் நீளம் மாறியது அவனுடைய மூளைக்கு இன்னும் பழகவில்லை.

ஒரு வாரத்தில் ஒழுங்குமுறைப் பயிற்சி மணிக்கணக்கு பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. 12 வயது என்றால் 12 மணி நேரம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. வருடத்தில் இரண்டு மூன்று மாதம் அந்த ஒரே விளையாட்டிலிருந்து விலகி வேறு எதையாவது ஆடட்டும். பள்ளி அணி, கிளப், மாவட்டத் தேர்வு என்று மூன்று பயிற்சியாளர்களிடம் ஓடும் பிள்ளைக்கு இந்தக் கணக்கை யாருமே போடுவதில்லை. பெற்றோர்தான் போட வேண்டும், எங்களிடம் சண்டையும் போட வேண்டும்.

தூக்கம்: 12 வயது வரை 9 மணி நேரத்துக்குக் குறையாமல், அதற்கு மேல் 8 முதல் 10 மணி நேரம். காலை ஐந்தரைக்கு மைதானம் என்றால் ராத்திரி எத்தனை மணிக்குப் போன் அணைய வேண்டும் என்று கூட்டிக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தட்டைவிடக் கடிகாரத்தைப் பாருங்கள்

சாப்பாடு என்றதும் பெற்றோர் கேட்பது "என்ன பவுடர் கொடுக்கலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது "எத்தனை மணிக்குச் சாப்பிட்டா?"

சப்-ஜூனியர் அணியில் ஒரு பெண், எட்டாம் வகுப்பு. தினமும் ஆறு மணி வாக்கில் முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்து நின்றுவிடுவாள். "கால் உளையுது சார்."

"மதியம் என்ன சாப்பிட்ட?"

"லெமன் சாதம்."

"எத்தன மணிக்கு?"

"பன்னெண்டரைக்கு சார்."

"அதுக்கப்புறம்?"

சிரித்தாள். பயிற்சி முடிவது ஆறே முக்கால், வீடு போய்ச் சேர ஏழரை, ராத்திரிச் சாப்பாடு ஒன்பது. பன்னிரண்டரையிலிருந்து ஒன்பது வரை, எட்டரை மணி நேரம், நடுவில் இரண்டு மணி நேர ஓட்டத்தோடு, வயிற்றில் ஒன்றுமில்லை. காலையில் கேட்டால் இதைவிட மோசம்: ஒரு டம்ளர் டீ, இரண்டு பிஸ்கட், நேராக மைதானம்.

இந்த வயதுப் பெண்ணுக்கு நம் நாட்டு ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு ஒரு நாளைக்கு 2,400 கலோரி, புரதம் 43 கிராம், கால்சியம் 1,000 மில்லிகிராம், இரும்பு 30 மில்லிகிராம். பையனுக்கு 2,860 கலோரி, புரதம் 45, கால்சியம் அதே 1,000, இரும்பு 22. இது சாதாரணமாக ஓடியாடும் பிள்ளைக்கு. தினம் இரண்டு வேளை பயிற்சிக்கு வருபவளுக்கு இன்னும் வேண்டும். காலை மூன்று இட்லி, மதியம் லெமன் சாதம், ராத்திரி இரண்டு தோசை, நடுவில் டீ என்று ஓடும் நாளைக் கூட்டிப் பாருங்கள், கால்சியத்தில் பாதிக்கிணறுகூடத் தாண்டாது.

நான் அந்தப் பெண்ணின் அம்மாவிடம் கேட்டது புதிதாக எதையும் வாங்கச் சொல்லி அல்ல. இரண்டு இடைவெளியை அடைக்கச் சொன்னேன்.

காலை, மைதானத்துக்கு வருமுன்: ஒரு வாழைப்பழம், அல்லது நான்கு பேரீச்சம்பழம். வெறும் வயிறு வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். பயிற்சி முடிந்து எட்டரைக்கு கேழ்வரகுக் கூழோ தோசையோ, கூடவே ஒரு முட்டை. 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, அரிசியில் பேருக்குத்தான். முந்தின ராத்திரியே கரைத்துப் புளிக்க வைத்தால், முளைகட்டி அரைத்தால் இன்னும் நல்லது, சத்தைப் பிடித்து வைத்திருக்கும் பொருள் குறையும். நம் பாட்டிகள் செய்தது அதுதான்.

மதியம், எலுமிச்சைச் சாதமாகவே இருக்கட்டும், பக்கத்தில் ஒரு கைப்பிடி சுண்டலோ பாசிப்பயறோ. சத்துணவில் முட்டை போடுகிறார்கள் என்றால் அதைத் தோழிக்குத் தானம் செய்யாமல் தின்னச் சொல்லுங்கள்.

நாலேகால் மணி, பயிற்சிக்குச் சற்று முன்னால்: இதுதான் முழு விஷயத்தின் ஆணிவேர். எங்கள் ஊரில் இதற்குப் பெரிய யோசனை தேவையில்லை, கடலைமிட்டாய் இருக்கிறது. 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. கரிசல் நிலக்கடலையும் வெல்லப் பாகும்தான், ஓடுவதற்கு வேண்டிய மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும் ஒரே துண்டில். ஒரு முப்பது கிராம் துண்டும் ஒரு வாழைப்பழமும் தின்றால் ஏழு மணி வரை தாங்கும். சாமான் அறையில் பந்துக்கூடைக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பாவில் வைத்திருக்கிறேன்.

முடிந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு டம்ளர் பால், அல்லது தயிர், அல்லது எள்ளுருண்டை. ராத்திரி ஒன்பதுக்குத் தோசைக்கு முருங்கைக்கீரைப் பொரியலோ சாம்பாரோ. மீன் சாப்பிடும் வீடு என்றால் முள்ளோடு மென்று தின்னும் நெத்திலிக்கு ஈடில்லை.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 60 கிராம் கேழ்வரகு 210, பாலும் தயிருமாக 400 மில்லி 480, ஐம்பது கிராம் முருங்கைக்கீரை 150, எள் 15 கிராம் 180, முட்டை ஒன்றுக்கு 30. கூட்டினால் 1,050 மில்லிகிராம். உடம்பு இதை முழுசாக எடுத்துக்கொள்ளாது, கீரை, எள்ளில் உள்ள கால்சியம் பாலில் உள்ளது போல் சேராது, அதனால் தயிரை விடாதீர்கள். புரதமும் பயறு, பால், முட்டை, கடலை, இட்லி உளுந்து என்று ஐம்பதைத் தாண்டிவிடும். பாலே ஆகாத பிள்ளைக்கு மோரும் தயிரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

நான்கு வாரம் கழித்து அந்தப் பெண் ஆறு மணிக்குக் குனிந்து நிற்பது நின்றது. கடலைமிட்டாய் கால் வலிக்கு மருந்து என்று இதை வைத்துச் சொல்லிவிடாதீர்கள். அவளுக்கு இருந்தது பசி.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக: மூத்திரம் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதும், அடர் மஞ்சள் என்றால் குடித்தது பற்றாது. கோடையில் உப்புப் போட்ட நீர்மோரும் எலுமிச்சைச் சாறும், கடையில் விற்கும் நீல நிற பானத்தைவிட எனக்கு நம்பிக்கையானவை.

ஏழாம் படி: பெண் பிள்ளைகளுக்குத் தனியாக

பூப்படைந்த பிறகு மாதாமாதம் இரும்பு வெளியேறுகிறது. 12 வயதைத் தாண்டிய பெண்ணின் ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. "சோம்பேறி, மூச்சு வாங்குறா" என்று பெயர் வாங்கிய எத்தனையோ பெண்களுக்கு இதுதான் காரணம். வருடம் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே வீசுவது எனக்குத் தெரியும். வயிற்றைப் பிரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயம். கறுப்பாகப் போவது இயல்பு. சாப்பிட்ட பிறகு போட்டால் பிரட்டல் குறையும். குடற்பூச்சி மாத்திரையையும் தவறவிடாதீர்கள். சாப்பாட்டோடு டீ, காபி இரும்பைத் தடுக்கும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும். கீரை, பயறோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். ஈரலும் ரத்தமும் சாப்பிடும் வீட்டார் தயங்க வேண்டாம்.

மாதவிலக்கு மூன்று மாதம் வராமல் போனால், 15 வயதாகியும் பூப்படையவில்லை என்றால், அதை வசதி என்று விட்டுவிடாதீர்கள். "டோர்னமெண்ட் நேரத்துல வராம இருக்கே, நல்லதுதானே" என்று ஓர் அம்மா என்னிடமே சொல்லியிருக்கிறார். செலவழிக்கும் சக்திக்கு ஈடாகச் சாப்பிடாத உடம்பு முதலில் நிறுத்துவது அந்தக் கணக்கைத்தான், அடுத்து எலும்பு. காலெலும்பில் மெல்லிய விரிசல் விழுவது இந்தப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். ஒலிம்பிக் கமிட்டியே 2014-இல் இதற்கென்று ஒரு பெயர் வைத்து எச்சரித்தது. பையன்களுக்கும் வரும். எடை குறை, குண்டாயிட்ட என்று மைதானத்தில் பத்துப் பேர் முன்னால் சொல்லும் பயிற்சியாளர் யாராக இருந்தாலும், என்னையும் சேர்த்து, வாயை அடக்கச் சொல்லுங்கள்.

விரதம் பற்றியும் ஒரு வார்த்தை. மாலை போடும் மாதத்திலும் நோன்பு மாதத்திலும் பிள்ளைகள் பயிற்சிக்கு வருவார்கள். வரட்டும். அன்றைக்கு ஓட்டம் இல்லை, நின்ற இடத்தில் மட்டைப் பழக்கம் மட்டும்.

எட்டாம் படி: வெயில், பவுடர், ஊசி

நாள் முழுக்க மைதானத்தில் கிடக்கும் பிள்ளைக்கு வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்பார்கள். மைதானத்தில் கிடப்பது காலை ஆறு முதல் ஏழரை, மாலை ஐந்து வாக்கிலிருந்து ஆறே முக்கால். சரிந்து விழும் வெயிலில் தோல் வைட்டமின் டி தயாரிக்கும் கதிர் மிகக் குறைவு. அது வருவது பத்து மணிக்கு மேல் மூன்று மணிக்குள். அந்த நேரத்தில் பிள்ளை வகுப்பறையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அரைக்கால் சட்டையோடு அரைமணி நேரம் தெருவில் விளையாடினால் போதிய பலன் உண்டு. கால் வலி விடாமல் தொந்தரவு செய்தால் டாக்டர் ரத்தத்தில் அளவு பார்ப்பார். மருந்துக்கடையில் 60,000 யூனிட் பாக்கெட்டை நீங்களாக வாங்கி வாரக்கணக்கில் கொடுக்காதீர்கள். அளவுக்கு மீறினால் கால்சியம் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

புரோட்டீன் பவுடர் இந்த வயதுக்குத் தேவையில்லை. ஒரு டப்பா விலைக்கு எத்தனை முட்டை வரும் என்று கடைக்காரரிடமே கேட்டுப் பாருங்கள். உயரம் கூட்டும் பவுடர் என்று விளம்பரத்தில் வருவதில் உயருவது விலை மட்டும். "சத்து ஊசி" போடுகிறேன் என்று யாராவது சொன்னால் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத ஊசியைப் பிள்ளை உடம்பில் ஏற்றாதீர்கள்.

ஒன்பதாம் படி: திரும்ப மைதானத்துக்கு

குதிகால், முழங்கால் வலிக்கு முழு ஓய்வு என்று மூன்று மாதம் வீட்டில் உட்கார்த்தி வைக்க வேண்டியதில்லை. நான் பிள்ளையிடம் பத்துக்கு எத்தனை என்று கேட்பேன். விளையாடும்போது மூன்றுக்குள், மறுநாள் காலை எழுந்தால் பூஜ்யம் என்றால் அதே அளவைத் தொடரலாம். நான்கு, ஐந்து என்றால் பாதியாகக் குறை. நொண்டினால் மட்டையைக் கீழே வை. முதல் வாரம் நடையும் நின்ற இடத்துப் பாஸிங்கும், இரண்டாம் வாரம் நேர் ஓட்டம், மூன்றாம் வாரம் திரும்பி வளைந்து ஓடுவது, குதிப்பது கடைசியில். வலி எட்டிப் பார்த்தால் ஒரு படி கீழே இறங்கி மறுபடி ஏறு. பிள்ளைகள் பொய் சொல்வார்கள், அணியில் பெயர் போய்விடும் என்று. அதனால் பதிலைக் கேட்டுவிட்டு, படியிறங்கச் சொல்லிக் காலைப் பார்ப்பேன்.

வெளியூர் டோர்னமெண்ட் என்றால் இந்தக் கணக்கெல்லாம் ஒரே நாளில் குலைந்துவிடும். ஒரு நாளைக்கு இரண்டு மேட்ச், நடுவில் பரோட்டா, ராத்திரி ரயிலில் தூக்கமில்லை. புறப்படும்போது ஒவ்வொரு பிள்ளை பையிலும் அவித்த வேர்க்கடலை, ஒரு சீப்பு பச்சைநாடான் பழம், புளிச்சாதப் பொட்டலம், தண்ணீர் பாட்டில் இரண்டு, குதித்திண்டு இருக்கிறதா என்று ஸ்டேஷன் பிளாட்பாரத்திலேயே திறந்து பார்ப்பேன். கடலைமிட்டாய் மட்டும் சாத்தூர் தாண்டுவதற்குள் காலியாகிவிடும், அதனால் பாதியை என் பையில் பூட்டி வைத்துக்கொள்வேன்.